நாலாயிரத்துக்கு மேலே போகாதேங்கோ

எனக்குக் கோபம் வரும் என்று லண்டன் கிங்ஸ்பரியில் எல்லோருக்கும் தெரியும். வருகிற கோபத்தில் பாதிக்கு மேல் நியாயமானது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. என் பெயர் சபாரத்தினம். இருபத்தாறு வருடமாக இந்தப் பகுதித் தமிழ்க் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஒரு வருடத்து ரசீதுகளைச் சப்பாத்துப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு வந்து, "அண்ணை, நாளைக்குத்தானே வரிக்குக் கடைசி நாள்?" என்று சிரிக்கிற மனிதர்களோடு இருபத்தாறு வருடம் இருந்து பாருங்கள், உங்களுக்கும் வரும்.

ஆனால் இது என் கதை இல்லை, நகுலேஸ்வரியின் கதை. நான் இடையில் புகுந்து கெடுத்தவன், அவ்வளவுதான்.

நகுலேஸ்வரி என்றால் பலருக்குத் தெரியாது. 'ஜேர்மன் ரோல்ஸ் அக்கா' என்றால் வெம்பிளி வரைக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து டோர்ட்முண்ட் போனவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் பதினாறு வருடம் உருளைக்கிழங்கு சீவினாள். மகள் தாரகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று, 2011இல் கணவன் ஜீவரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தாள். ஜேர்மனியில் பழகிய இரண்டு பழக்கங்களை அவள் இன்றுவரை விடவில்லை. ஒன்று, ஆறு மணி என்றால் ஆறு மணி. மற்றது, கோபம் வந்தால் ஜேர்மன் மொழியில் ஏசுவது. ஆறு மணிக்கு விருந்து என்று கார்டில் அடித்துவிட்டு எட்டு மணிக்கு மண்டபத்தைத் திறக்கிற எங்கள் சனத்துக்கு, ஐந்தே முக்காலுக்கு முந்நூறு மட்டன் ரோல்ஸோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்து அவள் ஏசியதை நானே நின்று கேட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. நியாயம் மட்டும் நன்றாக விளங்கியது.

இவ்வளவு ரோல்ஸும் வீட்டுக் குசினியில்தான் பிறந்தன. சனி, ஞாயிறில் ஆயிரம்வரை போகும். போன வருடம் கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து குசினியைச் சுற்றிப் பார்த்தாள். சுத்தத்துக்கு முழுப் புள்ளி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "இந்த அளவு சமைப்பதற்கு இது வீடு, தொழிற்சாலை இல்லை. மாத முடிவுக்குள் முறையான இடம் பாருங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இடம் இருந்தது. பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு லோண்டரிக் கடை. தண்ணீர், கழிவுக் குழாய், மின்சாரம் எல்லாம் தயாராக இருந்தன. லீஸ் மாற்ற, முற்பணம் கட்ட, சட்டத்தரணிக்குக் கொடுக்க எல்லாமாகப் பதினாறாயிரம் பவுண். முப்பதாம் திகதிக்குள் கட்டவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம், ஏற்கனவே இந்தத் தெருவில் நாலு இருக்கிற, மின்சிகரெட் விற்கிற இன்னொரு வேப் கடைக்குப் போய்விடும். கடை போனால் தொழில் போச்சு. அவளுக்கு வேறு தொழில் தெரியாது, ஜீவரத்தினத்தின் பெற்றோல் ஷெட் சம்பளம் வீட்டு வாடகைக்கே காணாது.

என்னிடம் வந்தாள்.

"சபா அண்ணை, பதினாறாயிரம் எப்பிடி எடுக்கிறது? ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"ஜீவரத்தினத்துக்கு?"

"ஐயோ, அவருக்குச் சொல்லவே கூடாது. அவருக்குச் சொன்னா பெற்றோல் அடிக்க வாற எல்லாருக்கும் சொல்லிப்போடுவார். இடம் ஒண்டு பாக்கிறன், பிறகு யோசிப்பம் எண்டு மட்டும் சொல்லியிருக்கிறன்."

வெளியாருக்கு இது விளங்காது. எங்கள் சனத்துக்கு நடுவில் காசு தேவைப்படுவது ஒரு தொற்று வியாதி மாதிரி. தெரிந்தால் இறைச்சிக் கடைக்காரர் அன்றைக்கே கடன் கொப்பியை மூடுவார். கலியாண ஓடர் தந்தவர்கள், "அவை கடையைக் கட்டுகினமாம்" என்று வேறு ஆளிடம் போவார்கள். கையில் காசு இல்லாதவன் புதுக் காரில் கோயிலுக்கு வருவது இதனால்தான். கணக்குப் பார்க்கிற எனக்கு யார் காரில் வருகிறான், யாருடைய கார் என்று தெரியும். அதனாலும் எனக்குக் கோபம்.

முதலில் வங்கிக்குப் போனோம். முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு தொழில் திட்டம் எழுதினேன். கலர் வரைபடம் எல்லாம் போட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு லண்டனில் எத்தனை ரோல்ஸ் உண்ணப்படும் என்பதுகூட அதில் இருந்தது. அங்கே இருந்த அதிகாரி எங்கள் பெடியன்தான், றமணன். கழுத்தில் அட்டை, முகத்தில் கவலை. முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கணினியைப் பார்த்தான்.

"அன்ரி, உங்களுக்குக் கடன் வரலாறே இல்லை."

"அப்பிடியெண்டா நான் ஒருத்தருக்கும் கடன் இல்லை எண்டுதானே அர்த்தம், தம்பி?"

"ஓம், அதுதான் பிரச்சினை."

"கடன் வாங்கினாத்தான் கடன் தருவியளோ?"

"வாங்கி, ஒழுங்காக் கட்டியிருக்க வேணும்."

"வாங்காமலே இருந்தது அதைவிட ஒழுங்கில்லையோ?"

றமணன் அசையவில்லை. கணினி ஒத்துக்கொள்ளாது என்றான். அபாயம் கூட என்றான். வெளியே வந்ததும் நகுலேஸ்வரி ஜேர்மனில் ஒரு நீண்ட வசனம் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள், அவளுக்கு மொழி தெரிந்திருக்கவேண்டும்.

பிறகு நவீன வழிகள். அட்டை தேய்க்கிற மெசின் கொம்பனியில் இருந்து ஒருவன் தொலைபேசியில் வந்தான். இருபத்துநாலு மணித்தியாலத்தில் பத்தாயிரம் தருவானாம், பதினாலாயிரமாகத் திருப்பினால் போதுமாம். கட்டத் தேவையில்லை, வாடிக்கையாளர் அட்டை தேய்க்கத் தேய்க்க அவனே அதில் இருந்து எடுத்துக்கொள்வானாம். "அவன் ஒண்டுமே கேக்கேல்லை அண்ணை, என்ர பேர் மட்டும்தான் கேட்டவன். அதுதான் பயமாக் கிடக்கு" என்றாள். அவளுக்கு என் பாதி வாடிக்கையாளரைவிட அறிவு இருந்தது.

மகள் தாரகா, "அம்மா, கிரவுட்ஃபண்டிங் செய்வம், சனம் கொஞ்சம் கொஞ்சமாக் காசு போடும்" என்று ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். அம்மாவின் முகம் தெரியக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே இரண்டு கைகள் மட்டும் ரோல்ஸ் சுருட்டின. ஒரு கிழமையில் நாற்பத்தொரு பவுண் சேர்ந்தது. முந்நூறு பேர் இதயம் போட்டார்கள். நோர்வேயில் இருந்து ஒருவர் ரோல்ஸைத் தபாலில் அனுப்ப ஏலுமோ என்று கேட்டார். சுவிசில் இருக்கிற சொந்தத் தம்பி பதினாறாயிரத்தையும் தந்திருப்பான். ஆனால் தந்த மறுநாள் முழுச் சுவிசுக்கும் சொல்லியிருப்பான். அந்த வழி பேச்சிலேயே முடிந்தது.

மிச்சம் இருந்தது சீட்டு.

சீட்டு வசந்தமலர் அக்கா பிடிப்பது. நாற்பது பங்கு, மாதம் பங்குக்கு ஐந்நூறு. கூட்டினால் இருபதாயிரம். மாதம் ஒருவர் எடுக்கலாம். அவசரம் கூடியவர், 'எனக்கு இவ்வளவு குறைத்துத் தாருங்கள்' என்று கழிவு கேட்பார். யார் கூடக் கழிவு கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு. அந்தக் கழிவு மற்ற முப்பத்தொன்பது பங்குக்கும் பிரியும், அந்த மாதம் அவர்கள் அவ்வளவு குறைத்துக் கட்டினால் போதும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் வசந்தமலர் அக்காவின் பார்வையும் மட்டும்தான். பதினெட்டு வருடத்தில் ஒரு பவுண் தவறியதில்லை.

எனக்கு அதில் இரண்டு பங்கு. ஒன்று என்னுடையது. மற்றது என் பெயரில் நகுலேஸ்வரி கட்டிவந்தது. ஏன் என் பெயரில் என்று கேட்காதீர்கள். ஒருவருக்கும் தெரியக்கூடாது, வேறென்ன?

"அண்ணை, இருபதிலே நாலு போனா எனக்குச் சரியாப் பதினாறு வரும். நாலாயிரத்துக்கு மேலே போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, அன்றைய கூட்டத்துக்கு வசந்தமலர் அக்கா ஓடர் பண்ணியிருந்த எண்பது ரோல்ஸையும் என் காரிலேயே ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. வசந்தமலர் அக்காவின் ஹோல் நிறையச் சனம். மூலையில் கழுத்து அட்டை இல்லாமல், அரைக் காற்சட்டையோடு ஒரு பெடியன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் றமணன்! பத்திரம் இல்லாத, வரலாறு பார்க்காத, கணினி ஒத்துக்கொள்ளாத இந்தச் சீட்டில் மாதம் ஐந்நூறு கட்டுகிறான். "என்ன தம்பி, அபாயம் கூட இல்லையோ?" என்றேன். "அங்கிள், இதிலே வாற லாபம் எங்கட வங்கி தராது" என்றான். கன்னத்தில் ஒன்று போடலாம் போல இருந்தது.

ஆனால் என் உண்மையான கோபம் எதிர்க் கதிரையில் இருந்தது. ஜம்புநாதன். பயண முகவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் கோயில் திருவிழா மலரில் என் விளம்பரத்துக்கு மேலே தன் விளம்பரத்தைப் போடவைத்தவன். 'நம்பிக்கைக்குரிய கணக்காளர்' என்ற என் தலைப்பு, அவனுடைய விமானத்தின் சக்கரத்துக்குக் கீழே வந்தது. அதன் பிறகு நாங்கள் கதைப்பதில்லை.

கழிவு ஆயிரத்தில் தொடங்கியது. இரண்டாயிரத்தில் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஜம்புநாதன் விடவில்லை. நான் மூவாயிரம் என்றேன், அவன் மூவாயிரத்து ஐந்நூறு என்றான். நான் நாலாயிரம் என்றேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "நாலாயிரத்து நூறு" என்றான்.

அங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். காதுக்குள் அவள் சொன்னது கேட்டது. ஆனால் ஜம்புநாதன் சிரித்தான். "சபாவுக்குக் கஷ்டம் போல" என்று பக்கத்தில் இருந்தவருக்கு மெல்லச் சொன்னான், எனக்குக் கேட்கிற அளவுக்கு மெல்ல. அடக் கோதாரி! அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நாலரை, ஐந்து, ஐந்தரை. "ஐயாயிரத்து எண்ணூறு" என்றான் அவன். "ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது!" என்று நான் எழும்பி நின்றே கத்தினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "எடுங்கோ, உங்களுக்குத்தானே அவசரம்" என்றான். வென்றுவிட்டேன். வென்ற சந்தோசத்தில் அவளுடைய ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

இரண்டாவது கடியில்தான் கணக்கு வந்தது. கணக்காளருக்கு இரண்டாவது கடியில்! இருபதாயிரத்தில் ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது போனால் பதினாலாயிரத்து நூற்றைம்பது. ஆயிரத்து எண்ணூற்றைம்பது குறைவு. கேட்ட கழிவை மாற்ற ஏலாது. வசந்தமலர் அக்கா கொப்பியில் எழுதி, கொப்பியை மூடிவிட்டா. முப்பதாம் திகதிக்கு ஒன்பது நாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஜீவரத்தினம் பெற்றோல் ஷெட் சட்டையோடு சோபாவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அவருக்கு முன்னால் சொல்லக்கூடாது என்பதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"பிள்ளை, பிழை விட்டிட்டன். ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது."

அவள் வாய் திறக்க முன்னரே ஜீவரத்தினம் துள்ளி எழும்பினார். "நீங்களோ அது! நான் அந்த விசரன் ஜம்புநாதனிட்டை நாலாயிரத்துக்கு மேலே போகாதை, போகாதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!"

நகுலேஸ்வரி மெல்லத் திரும்பினாள்.

"நீங்கள் ஏனப்பா ஜம்புநாதனிட்டைச் சொன்னனீங்கள்?"

விடயம் இதுதான். ஜீவரத்தினமும் ஜம்புநாதன் பெயரில் ஒரு பங்கு வைத்திருந்தார். சனி, ஞாயிறு இரவு வேலை செய்து மனைவிக்குத் தெரியாமல் கட்டிவந்தது. அவள் அந்த லோண்டரிக் கடைக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதை பஸ்ஸில் போகும்போது கண்டிருக்கிறார். விலை விசாரித்திருக்கிறார். இருபதில் நாலு போனால் பதினாறு என்று அவரும் கணக்குப் போட்டிருக்கிறார். சாவியைக் கையில் கொடுத்து அதிசயப்படுத்தலாம் என்று இருந்திருக்கிறார். ஆக, ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேர், ஒரே கடைக்காக, ஒரே சீட்டில், ஒருவரை எதிர்த்து ஒருவர் ஏலம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு மடையர்கள் அவர்களுடைய காசில் தங்களுடைய பழைய கோபத்தைத் தீர்த்திருக்கிறார்கள்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "இவ்வளவு காலமும் ஒழுங்கா இருந்தன். ஒருத்தரிட்டையும் கை நீட்டேல்லை" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, எட்டு என்றால் எட்டுக்கு, என் அலுவலகக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கொப்பி.

"அண்ணை, என்ர கழிவிலே பங்குக்கு எவ்வளவு மிச்சம்?"

"நூற்றைம்பது."

"அது ஆற்ற காசு?"

"உன்ர காசு, பிள்ளை."

"அப்ப ஆர் ஆருக்குப் போனது எண்டு எழுதித் தாங்கோ."

ஜீவரத்தினத்தின் பங்குக்கு மிச்சமான நூற்றைம்பதை அவள் முதல் நாள் இரவே வாங்கியிருந்தாள். மற்றவர்களிடம் வீடு வீடாகப் போனாள். எல்லோரிடமும் ஒரே வசனம். "அந்தச் சீட்டு என்னுடையது. எனக்குக் காசு தேவை. என்ர கழிவிலே உங்களுக்கு நூற்றைம்பது மிச்சம். கடை திறந்தவுடனே ரோல்ஸ் தாறன், அதுக்கு இப்பவே காசு தாங்கோ."

'எனக்குக் காசு தேவை.' இந்த வசனத்தை லண்டனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் அப்படித்தான். எப்படி மறுப்பது என்று அவர்களுக்குப் பழக்கம் இல்லை. மெல்லமாகச் சாடை காட்டினால் மெல்லமாக நழுவத் தெரியும். நேரே கேட்டால் என்ன செய்வது? பதறிப்போய் இருபது, முப்பது, ஐம்பது என்று எடுத்துக் கொடுத்தார்கள். வசந்தமலர் அக்கா கொப்பிக்குள் இருந்தே எடுத்துக் கொடுத்தாவாம். வங்கிக்கும் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்து அட்டையோடு இருந்த றமணன் சுற்றிப் பார்த்துவிட்டு ஐம்பது பவுணை நீட்டினான். "அன்ரி, ரசீது ஏதும்?" என்றானாம். "சீட்டுக்கு ரசீது கேட்டனீங்களோ தம்பி?" என்றாளாம். அப்படியாகக் கடன் வரலாறு இல்லாத ஒருத்திக்கு, ஈடு இல்லாமல், வட்டி இல்லாமல், றமணன் கடன் கொடுத்தான். தாரகா, "அம்மா, இதுதான் கிரவுட்ஃபண்டிங்" என்றாள். "உன்ர வீடியோவிலே என்ர முகம் இல்லை, அதுதான் ஒருத்தரும் தரேல்லை" என்று அவள் சொன்னாள்.

இருபத்தொன்பதாம் திகதி கையெழுத்து வைத்தாள். கடை திறந்து ஏழு மாதம் ஆகிறது. போன கிழமை வங்கியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. 'உங்கள் வியாபாரத்தின் வளர்ச்சியை மதித்து' இருபத்தையாயிரம் தருகிறார்களாம். அந்தக் கடிதத்தை அவள் கட்லட்டின் எண்ணெய் வடியத் தட்டில் விரித்திருந்தாள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். வாசித்துப் பார்த்த என் மனைவி, "கடைசி எழுநூறு எப்பிடி வந்தது எண்டு எழுதேல்லையே" என்கிறாள். விடமாட்டாள். எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போனதில் ஆயிரம் சேர்ந்தது. எழுநூறு குறைவு. மிச்சம் இரண்டே பேர், நானும் ஜம்புநாதனும். இதற்கிடையில் எனக்குத்தான் காசு முடை, அதனால்தான் சீட்டை அந்த விலைக்கு எடுத்தேன் என்று கதை பரவி, இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் சப்பாத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் எரிந்துகொண்டிருந்தேன். இருபத்தெட்டாம் திகதி அவள் வந்து எனக்கு முன்னால் அமர்ந்து, கொப்பியைத் திறந்தாள்.

"சரி பிள்ளை, நூற்றைம்பது எழுது" என்றேன்.

அவள் எழுதவில்லை. "ஜம்புநாதன் அண்ணை இருநூறு தாறன் எண்டவர்" என்றாள்.

"அப்ப எனக்கு இருநூற்றைம்பது."

எனக்கு முன்னாலேயே தொலைபேசியை எடுத்தாள். "ஜம்புநாதன் அண்ணை, நகுலா கதைக்கிறன். ஒண்டுமில்லை, சபா அண்ணை இருநூற்றைம்பது போட்டிருக்கிறார், அதுதான் சொன்னனான்." மறுபக்கத்தில் ஏதோ குரல் உயர்ந்தது. "முந்நூறோ? நன்றி அண்ணை, எழுதுறன்." கொப்பியில் எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

எனக்குத் தெரியும். என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் கணக்காளர், இருபத்தாறு வருட அனுபவம். தெரிந்துகொண்டே, "முந்நூற்றைம்பது" என்றேன். அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். "நானூறு!" என்று எழும்பி நின்று கத்தினேன். "நானூற்றைம்பது எண்டாலும் பரவாயில்லை, எழுது, ஐந்நூறு எண்டாலும்..."

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"இருங்கோ அண்ணை. எனக்குத் தேவை நானூறுதான்" என்றாள். "நானூறுக்கு மேலே போகாதேங்கோ."

இந்த முறை கேட்டேன்.